அமைதி அறைச் சண்டையில் நான் வென்ற வரலாறு

அன்பும் மரியாதையும், பழக்கத்தினால் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் மாமா அவர்களுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் நலம் என்று அம்மா சொன்னாள். டிவி ரிமோட் விஷயத்தில் உங்கள் இருவருக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை என்றும் சொன்னாள். அதற்கு ஒரு வழி கடைசியில் எழுதியிருக்கிறேன், நேராக அங்கே தாவிவிடாதீர்கள். போனிலேயே சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் “அதெல்லாம் சரிம்மா, வேறென்ன?” என்பீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. என் வாழ்நாளிலேயே உங்களிடம் நான் முழுதாகப் பேசப்போவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

போன வருடம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். “மதங்களின் வரலாறும் மதச் சுதந்திரமும்” என்று என் படிப்பின் பெயரைச் சொன்னேன். வாய்வரை கொண்டுபோன தண்ணீர் டம்ளரை அப்படியே கீழே வைத்தீர்கள். “சாமியைப் பத்தித் தெரிஞ்சுக்க கண்ணை மூடினா போதாதா? அதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி? சரி, இந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும்? அதைச் சொல்லு முதல்ல” என்றீர்கள். “அவ இஷ்டத்துக்குப் படிக்கட்டுமே” என்று அத்தை சொன்னதும் நீங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே உங்கள் தீர்ப்பைச் சொன்னீர்கள்: படிப்பின் முதல் வருடம் முடிவதற்குள் இதனால் உலகத்தில் யாருக்காவது ஓர் உபயோகம் உண்டு என்று நான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்காமல் உங்கள் சிநேகிதர் முதல்வராக இருக்கும் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்துவிட வேண்டும், எனக்காக அங்கே ஒரு சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். அம்மா உங்களுக்குத்தான் தலையாட்டினாள். நானும் சரி என்றேன். மாமா, வருடம் முடியப்போகிறது. நான் ஜெயித்துவிட்டேன். எப்படி என்று கேளுங்கள்.

எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜெராக்ஸ் எடுக்கும் இடத்தை ஒட்டி, ஓர் அறை இருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளம், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ஜன்னல், சுற்றும்போது முனகும் ஒரு மின்விசிறி, கதவுக்கு வெளியே காலணி வைக்கிற அலமாரி. கதவின் மேல் “அமைதி அறை” என்று பலகை. எந்த மதத்து மாணவரும் போய் வழிபடலாம். எங்கள் வளாகத்திலேயே ஓயாமல் கத்தல் கேட்கும் ஒரே இடம் இதுதான். யார் யார் எந்த மதம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். என் கண்ணுக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். நின்று வழிபடுபவர்கள் இருந்தார்கள், உட்கார்ந்து வழிபடுபவர்கள் இருந்தார்கள், பாடுபவர்கள் இருந்தார்கள், வாயே திறக்காதவர்கள் இருந்தார்கள். நிற்பவர்களுக்கு விசிறி வேண்டும், உட்கார்பவர்களுக்கு அது நேராகத் தலையில் அடிக்கிறது, அதனால் வேண்டாம். பாடுபவர்கள் தொடங்கினால் பேசாதவர்கள் கண்ணைத் திறந்து முறைப்பார்கள், பேசாதவர்கள் உட்கார்ந்திருந்தால் அறை காலி என்று நினைத்துப் பாடுபவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். ஒருநாள் நிற்பவர்களில் ஒருவருடைய செருப்பு ஜெராக்ஸ் மெஷினின் பேப்பர் தட்டில் கண்டெடுக்கப்பட்டது. யார் வைத்தார்கள் என்பது இன்றுவரை வரலாற்றுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கே விஷயம் பதிவாளரிடம் போய்விட்டது. “பருவத் தேர்வுக்குள்ள ஒத்துப்போகலைன்னா ரூமைப் பூட்டி உடைஞ்ச நாற்காலியைப் போட்டு வைப்பேன். அதுங்க சண்டை போடாது” என்று சொல்லிவிட்டார்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், எங்கள் பேராசிரியர் வழியாக. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அடிக்குறிப்பு. எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே சின்னக் குரலில் இன்னொன்று சொல்வார். “புத்தகத்துல படிச்சதை நேர்ல பாருங்க. அந்த ரூம்தான் உங்க ஆய்வுக் கட்டுரை. தள்ளி நின்னு பார்க்கணும்” என்றவர், சின்னக் குரலில் “பார்க்க மட்டும்தான் செய்யணும்” என்றார். நானும் பார்த்தேன். காலணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு பார்த்தேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும், நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் இருப்பதே தெரியாது. ஆனால் அறை பூட்டப்பட்டால் என் கட்டுரையும் போகும், கட்டுரை போனால் கம்ப்யூட்டர்தான் என்று நினைத்த மறுநிமிடம் கை சும்மா இருக்கவில்லை, ஓர் உடன்படிக்கை எழுதிவிட்டேன்.

முதல் உடன்படிக்கையை மிகவும் அழகாகவே எழுதினேன், பழைய அரசாணைகளின் தோரணையில். இன்னாருக்கு இந்த நேரம் வழங்கப்படுகிறது, மற்றவர்கள் அவர்களைப் பொறுத்துக்கொள்ளக் கடவர் என்று. எல்லாரையும் கூட்டி வாசித்துக் காட்டினேன். நிற்பவர்களின் தலைவி, கட்டடப் பொறியியல் படிக்கிற பெண், எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: “பொறுத்துக்கறதுக்கு நாங்க என்ன பல்வலியா?” பாடுபவர்களின் தலைவனுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். “நேரம் வழங்கப்படுதாமே, யாரு வழங்கறது? நீயா? உனக்கு யாரு வழங்கினா?” என்று ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டான். பேசாதவர்களின் தலைவன், பெயர் மியூட், என்னைப் பார்த்த பார்வைக்கு அவன் திட்டியிருந்தாலே தேவலை. நாலு தரப்பும் அதுவரை ஒத்துப்போன ஒரே விஷயம் என் உடன்படிக்கை உதவாது என்பதுதான். போதாக்குறைக்கு எல்லாரும் ஒரே கேள்வி: “அதை விடு, நீ எந்தப் பக்கம்? நிற்கறவளா, உட்கார்றவளா?” நீங்களும் அம்மாவும்கூட எத்தனையோ தடவை கேட்டு நான் சொல்லாத விஷயம். இவர்களிடமும் சொல்லவில்லை.

விடுதி அறைக்குத் திரும்பிப் போய்ப் படித்த புத்தகங்களையே மறுபடி எடுத்துப் பிரித்தேன். அப்போதுதான் உறைத்தது மாமா. எத்தனையோ அரசர்கள் “உன் நம்பிக்கையை நீ வைத்துக்கொள்” என்று பெருந்தன்மையாக ஆணை போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே பெருந்தன்மையோடு அதைக் கிழித்தும் போட்டிருக்கிறார்கள். கொடுத்தவன் திருப்பி வாங்கிக்கொள்வான். யாரும் யாருக்கும் கொடுக்காமலே இருக்க வேண்டும், அப்படியானால் என்ன செய்வது? ரொம்ப யோசித்து ஒரே ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தேன். ஒருவருடைய நேரத்தில் இன்னொருவர் கதவுக்கு வெளியே காவல் நிற்க வேண்டும். பாடுபவர்கள் பாடும்போது பேசாதவர்கள் காவல். பேசாதவர்களுக்குப் பாடுபவர்கள் காவல். உள்ளே நடப்பது பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கதவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஒத்துக்கொண்டார்கள், அதுவும் உடைந்த நாற்காலிகளுக்குப் பயந்து. அந்தக் கூட்டத்தில்தான் ஆதாரம் எழுந்தான். இயற்பியல் படிக்கிறவன், யார் எது சொன்னாலும் “ஆதாரம் என்ன?” என்று கேட்பான். “எதையும் நம்பாதவங்களுக்கும் ஒரு மணி நேரம் வேணும்” என்றான். “அந்த நேரத்துல நீ என்னடா செய்வே?” என்று நெட்டை கேட்டாள். “ஒண்ணும் செய்ய மாட்டேன். அதை நிம்மதியா செய்யணும்” என்றான். பெரிய சண்டை. ஆனால் நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன், அவனுக்கும் ஒரு நேரம் ஒதுக்கி, நெட்டையின் ஆட்களையே காவல் போட்டேன். எல்லாரையும்விட அவன்தான் நேரம் தவறாமல் வந்தான். “உள்ள என்னதான் பண்றான் இவன்?” என்று நெட்டை என்னிடம் குசுகுசுப்பாள். “ஒண்ணும் பண்ணலை” என்பேன். “இவ்வளவு ஒழுங்காவா?” என்று ஆச்சரியப்படுவாள். மியூட் ஆரம்பத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் பாட்டுக்குக் காவல் நின்றான். போகப்போகப் பஞ்சைக் காணோம், கால் மட்டும் தாளம் போட்டது.

ஆனால் பதிவாளருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தேர்வுக்கு முன்னால் ஒரு மத்தியானம், பூட்டுக்காரர் ஒருவரையும் ஒரு தள்ளுவண்டி நிறைய உடைந்த நாற்காலிகளையும் அழைத்துக்கொண்டு வந்தே விட்டார். அது ஆதாரத்தின் நேரம். வாசலில் நெட்டை காவல். முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கம்ப்யூட்டரை முன்னால் திறந்து வைத்த மாதிரி தெரிந்தது. “உள்ள யாரு?” என்றார் பதிவாளர். “கடவுளை நம்பாதவர் சார்” என்றாள் நெட்டை. “அவருக்கு எதுக்கும்மா இந்த ரூமு? நகரு, கதவைத் திற.” “முடியாது சார். இது அவர் நேரம்.” “ஏம்மா, நீ சாமி கும்பிடற பொண்ணுதானே? அவனுக்குப் போய் நீ எதுக்குக் காவல்?” நெட்டை அசையவில்லை. “அவன் நேரத்துல திறந்தா என் நேரத்துலயும் திறப்பீங்க சார்” என்றாள். மாமா, இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு எத்தனை நூற்றாண்டு ஆனது தெரியுமா? எத்தனை புத்தகம், எத்தனை சிறை? இவள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குள் சேதி பரவி எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததை நான் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். நின்று வழிபடுபவர்கள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்து வழிபடுபவர்கள் அவர்களுக்குப் பின்னால் அரணாக நின்றார்கள். ஒலிபெருக்கி வாயில் விரலை வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் நின்றான். மியூட் பேசினான்! என்ன பேச்சு மாமா, எத்தனை வருடப் பேச்சை எங்கே சேர்த்து வைத்திருந்தானோ, ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. கேட்டுக் கேட்டுக் கால் வலித்துப் பதிவாளர் தள்ளுவண்டியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கி உட்கார்ந்தார். உடைந்த நாற்காலி என்பதை மறந்துவிட்டார். தொபுக்கென்று விழுந்தவரை நாலு தரப்பும் சேர்ந்துதான் தூக்கினோம். அந்தக் களேபரத்தில் கதவு உள்ளேயிருந்து திறந்தது. ஆதாரம் தலையை நீட்டினான். “வெளியில இவ்வளவு சத்தம் போட்டா ஒரு மனுஷன் எப்படித்தான் நிம்மதியா நம்பாம இருக்கறது?” என்றான். முதலில் பூட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் பதிவாளரே சிரித்துவிட்டார். “எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்துட்டீங்க, நான் மட்டும் எதுக்கு எதிர்ப்பக்கம்?” என்று சட்டையைத் தட்டிக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போனார். பூட்டும் வண்டியோடு போயிற்று.

ஆகவே மாமா, இந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கும் என்று கேட்டீர்களே, ஒரு கதவைப் பூட்டாமல் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் நியாயஸ்தர், சொன்ன சொல்லை மாற்ற மாட்டீர்கள். உங்கள் சிநேகிதரிடம் சொல்லி அந்தச் சீட்டை வேறு யாராவது நல்ல பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ரிமோட் விஷயத்துக்கும் என் யோசனை அதேதான்: அத்தையின் நேரத்தில் அத்தையைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், வாசலில் போய்க் காவல் நில்லுங்கள். யாராவது அழைப்பு மணி அடித்தால் “அவ சீரியல் பாக்கறா, அப்புறம் வாங்க” என்று சொல்லுங்கள். செய்தி நேரத்தில் அத்தை உங்களுக்கு நிற்பார். நிற்காவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியே இருக்கட்டும், அத்தையின் குரல் ஓங்கியே இருக்கட்டும். இருவரும் என்னை மனசார வாழ்த்துங்கள்.

என்றும் உங்கள் மேல் பிரியமுள்ள, இந்த ஒரு தடவை மட்டும் உங்களை வென்ற,
உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: போன வாரம், உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். என் கட்டுரையைப் படித்துச் சிரித்து ரசித்திருக்கிறார். “பிரமாதம். ஆனா உங்களைப் பார்க்கச் சொன்னேன், நீங்க பண்ணிட்டீங்க. வரலாறு படிக்க வந்தவங்க அதை உண்டு பண்ணிட்டு வந்து நிற்கக் கூடாது” என்றவர், சின்னக் குரலில் “ஃபெயில்” என்றார். விடுமுறை முடிவதற்குள் அதே அறையில் நடக்கும் சண்டையைத் தள்ளி நின்று பார்த்து மறுபடி எழுத வேண்டுமாம். இப்போது அங்கே சண்டையே இல்லை மாமா. மியூட் ஒலிபெருக்கியிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறான், விசிறியைக்கூட முறை வைத்து நிறுத்துகிறார்கள். ஆகையால் அந்தச் சீட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். எப்படியாவது ஒரு சின்னச் சண்டையாவது வர வேண்டும் என்று நானும் தினமும் அந்த அறைக்குப் போய் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆதாரம் தன் நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். கதவு சாத்தியிருக்கிறது, வெளியே நெட்டை காவல் நிற்கிறாள்.