ஜிமிக்கியின் பாதமும் என் குதிகாலும்

சரவணம்பட்டி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் வெள்ளியங்கிரி அவர்களுக்குத் தங்கை பாவாத்தாள் பணிவுடன் எழுதிக்கொண்டது. கோபியில் தாங்களும் அண்ணி நங்கையாளும் பேத்தி தேஜஸ்ரீயும் பண்ணாரி அம்மன் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததால் எழுதியிருக்கிறேன். மற்றதை முழுக்கப் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளவும்.

தேஜஸ்ரீ காதுகுத்து முடிந்த நாளிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் நங்கையாள் மட்டும் ஒரு கும்பிடு படம் அனுப்புகிறார். தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கெடா வெட்டி விருந்து போட்ட இடத்தில், இலையில் சோறு விழுந்த பிறகு, தங்கை புருசனே எந்திரிச்சுப் போனால் எந்த அண்ணனுக்குத்தான் மனசு ஆறும். கறியில் உப்புக் கூடிப்போச்சு, அதனால்தான் மாசாணம் போய்விட்டார் என்று பந்தியில் பேசிக்கொண்டார்களாம். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்ததுங்ணா. நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் எந்திரிச்சதுக்குக் காரணம் கறி இல்லீங்க, கிளி.

எங்க மக யுவஸ்ரீ இங்க வேலைல இருக்கையில ஒரு சாம்பக் கலர் கிளி வாங்குனது உங்களுக்குத் தெரியுமுங்க. ஆப்பிரிக்காக் கிளியாமா. நம்மூருப் பச்சைக்கிளியை வளக்கக்கூடாதுன்னு சட்டமிருக்குதுன்னு சொல்லி இதை வாங்கி, அரசாங்கத்துல முறையாப் பதிவும் பண்ணியிருக்கறா. எனக்கும் உங்க மாப்பிள்ளைக்கும் நடந்த கண்ணாலத்தையே இன்னைக்கு வரைக்கும் யாரும் பதிவு பண்ணுலீங்ணா, அந்தக் கிளிக்குப் பத்திரமிருக்குது. ஜிமிக்கின்னு பேரு வெச்சா. அப்பறம் கம்பெனியில புனேவுக்கு மாத்திப்போட்டாங்கன்னு பையைத் தூக்கிட்டுப் போயிட்டா, ஜிமிக்கி எங்க ஊட்டுலயே நின்னுக்கிச்சு. மொதல்ல உங்க மாப்பிள்ளை, மனுசன் ரிட்டயராயி நிம்மதியா உக்காரலாம்னா இந்தக் கெரகம் வேறயான்னு அது பக்கமே போகாமத்தான் இருந்தாரு. ஒருநாள் அது அவரைப் பாத்து, என்ற கொரல்லயே "ஏனுங்க"ன்னுச்சுங்க. அவ்வளவுதான். சர்வீஸ் பூரா கண்டக்டரா நின்னு, ஒரு பஸ்ஸு சனத்தையும் அதட்டி உள்ள தள்ளுன மனுசன், கூண்டுக்கு முன்னால குனிஞ்சு "என்ன வேணும் அம்மணி"ன்னு கேட்டாரு. நான் அடுப்படியில கரண்டியோட நின்னு பாத்துட்டிருந்தேன். அண்ணா, வாக்கப்பட்டு வந்ததுல இருந்து என்னைய அவரு "இந்தா"ன்னுதான் கூப்பிடறாரு. எனக்குப் பேரு இந்தா, கிளிக்குப் பேரு அம்மணி. இப்பெல்லாம் நான் ஏனுங்கன்னு கூப்பிட்டா அவரு நேரா கூண்டுக்கிட்டப் போயி நிக்கறாரு.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேனுங்க. அது கால்ல இருந்துதான் எங்க சண்டையே ஆரம்பிச்சுது. கூண்டு வாங்கையிலயே உள்ள ரெண்டு குச்சி இருந்துதுங்க, ரெண்டும் ஒரே தடிமன், வழவழன்னு கடைசல் பிடிச்ச கட்டை. ஜிமிக்கி நாளெல்லாம் அதுல உக்காந்து ஒரு காலைத் தூக்கித் தூக்கி வெக்க ஆரம்பிச்சுது. கிளி ஒத்தைக்கால்ல நின்னு தூங்கறது சகஜமுங்க, ஆனா இது முழிச்சிருக்கையிலயும் ஊனுலை. நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சு, நின்ன எடத்துலயே நின்னு, குதிகால் நோவோட ஆறு மாசமா நொண்டிட்டு நடக்கறேன், அது அவரு கண்ணுல படலை. அந்தத் துளியூண்டு கால் பட்டுருச்சு. டார்ச் அடிச்சு உள்ளங்காலைப் பாத்தாரு. டவுனுக்குப் போயி, நகம் தேயுமுன்னு யாரோ சொன்னாங்கன்னு உப்புத்தாள் சுத்துன குச்சி வாங்கிட்டு வந்து மாட்டுனாரு. ரெண்டே நாளுல பாதம் இன்னும் செவந்துபோச்சு. அப்பறம் கிளியைத் துண்டுல சுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாரு.

அங்க இருந்த டாக்டரம்மா நல்லாத் திட்டுச்சாமுங்க. உப்புத்தாளைத் தூக்கி வீசச் சொல்லி, ஒரே தடிமன் குச்சியில உக்காந்தா பாதத்துல ஒரே எடந்தான் அழுந்தும், அழுந்தி அழுந்திப் புண்ணாயி உள்ள சீழ் வெச்சுக்கும், அதனால தடிமன் மாறி மாறி இருக்கற மரக்கெளை வேணும், மேல பட்டை இருக்கோணும், பிடிச்சா வெரலு முக்கால்வாசி சுத்தி வரோணும், கால் ஆறுறதுக்குத் தட்டையா ஒரு பலகையும் வெய்யுங்கன்னு சொல்லி மருந்தும் குடுத்துச்சாமா. டாக்டரம்மா சொன்னதுல ஒண்ணும் தப்பில்லீங்க. உங்க மாப்பிள்ளை அதைச் செஞ்ச விதந்தான் தப்பு. பருத்திக் கவுறு சுத்துனா மெத்துன்னு இருக்குமுன்னு என்ற துணி காயப்போடற கொடியை அறுத்துட்டாரு. தட்டைப் பலகைக்கு சப்பாத்திக் கட்டையை ரெண்டா அறுத்தாரு. மோரு கடையலாம்னு மத்தைத் தேடுனா, அது மேல ஜிமிக்கி உக்காந்திருக்குது. ஒருநாள் நான் வேலை முடிஞ்சு வந்தா, ஊட்டுக்கு நடுவுல மூணு தடிமன்ல கட்டையைப் போட்டுட்டு, கண்ணை மூடிட்டு, வெறுங்கால்ல ஒவ்வொண்ணு மேலயும் ஏறி நிக்கறாரு. என்னங்க இதுன்னேன். அம்மணிக்கு எது சொகமா இருக்குமுன்னு பாக்கறேன்னாரு. இந்த மனுசந்தானுங்ணா, எனக்குச் செருப்பு வாங்கியாரச் சொன்னா, ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டு வந்து, விடு இந்தா, வயசானா கால் வீங்கும், அப்ப சரியாயிடுமுன்னு சொன்னவரு.

இப்ப காதுகுத்து நாளுக்கு வாரேன். கூண்டுல கொய்யாக் கெளை வெச்சா நல்லதுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. கொய்யா எங்க இருக்குதுன்னும் தெரியும். நீங்க எல்லாரும் கோயில்ல பொங்கல் வெச்சுட்டிருக்கையில, உங்க ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நிக்கற கொய்யா மரத்துல, காய் புடிச்சிருந்த கெளையை வெட்டுனது எதுத்த ஊட்டுப் பசங்க இல்லீங்ணா. பாவம், அவங்களை நீங்க ஏசிட்டிருக்கறப்ப எனக்கு அங்கியே பூமி பொளந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு மரியாதைன்னு நீங்க குடுத்த புது வேட்டியில அந்தக் கெளையைச் சுத்தி, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கடையில குடுத்து வெச்சுட்டு வந்துதான் பந்தியில உக்காந்தாரு. சோறு போட்டு, கொழம்பு ஊத்தறப்ப போன் வந்துது. எங்க பக்கத்து ஊட்டு பிரான்சிஸ், நாங்க வர்ற வரைக்கும் கிளியைப் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டவரு, ஜிமிக்கி இன்னைக்கு அந்தக் காலைக் கீழயே வெக்கலைன்னாரு. உங்க மாப்பிள்ளை இலையை மூடுனாரு, எந்திரிச்சாரு, போயிட்டாரு. சொல்லிட்டுப் போகலை, என்னைக்கூடக் கூட்டிட்டுப் போகலை. நான் உங்க சொந்தக்காரங்க முன்னால, அவருக்கு வயிறு சரியில்லைன்னு சொன்னேன். அதுக்கும் கறிதான் காரணமுன்னு ஆயிப்போச்சு.

கெளை நல்லா வேலை செஞ்சுதுங்க, அதை மறைக்கக்கூடாது. கழுவி வெயில்ல காய வெச்சு, குறுக்கயும் சாய்ச்சும் கட்டிவிட்டாரு. ஜிமிக்கி தடிமனான எடத்துல கொஞ்ச நேரம், ஒல்லியான எடத்துல கொஞ்ச நேரம்னு நடந்து நடந்து, பட்டையை உரிச்சுப் போட்டு வெளையாடிட்டு இருக்குது. செவப்பு வத்திப்போச்சு. டாக்டரம்மாவே பாராட்டுச்சாமா.

இதோட விட்டிருந்தா இந்தக் கடுதாசி எழுதியிருக்க மாட்டேனுங்ணா. நேத்து சாயங்காலம் நான் அடுப்படியில ஒக்காந்து வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன். முன்னறையில இருந்து அவரு கொரல் கேட்டுச்சு, ரொம்பப் பொறுமையா, நான் கேட்டே இராத கொரல்.

"கால் இன்னும் நோவுதா அம்மணி?"

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. வெங்காயத்துக்கு முன்னாடியே வந்துருச்சு.

"ஆமாங்க," அப்படின்னேன். "காலைல எந்திரிச்சா தரையில ஊனவே முடியறதில்லீங்க."

கூண்டுக் கதவைச் சாத்தற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் அவரு அங்கிருந்தே சொன்னாரு.

"உன்னையில்ல."

பொறாமைன்னு நீங்க சிரிப்பீங்க. சிரிச்சுக்கங்க. ஆமாங்ணா, பொறாமைதான். இன்னொரு பொம்பளையாயிருந்தா தலைமுடியைப் புடிச்சு ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன். இதுக்கு முடியுமில்லை, கேட்டா நான் கேட்டதையே என்ற கொரல்ல திருப்பிச் சொல்லுது. ராத்திரி பூரா யோசிச்சுத்தான் எழுதறேன். ஞாயித்துக்கெழமை நீங்க வந்து இந்தக் கிளியைக் கூண்டோட கோபிக்குக் கொண்டுபோயிருங்க. உங்க ஊட்டுல கொய்யா மரமே நிக்குது, அதுக்குச் சொகமாத்தான் இருக்கும். யுவஸ்ரீகிட்ட நான் பேசிக்கறேன், பத்திரத்துல பேரையும் மாத்திக்கலாம். அவரு கத்துனா, பந்தியை விட்டு எந்திரிச்சதுக்கு இதுதான் பரிகாரமுன்னு கட் அண்ட் ரைட்டாச் சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. இந்த ஒரு ஒதவியைச் செஞ்சுபோட்டீங்கன்னா, இந்த ஜென்மத்துக்கும் உங்க தங்கச்சி உங்களை மறக்க மாட்டா.

நங்கையாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தேஜஸ்ரீயின் காதுப்புண் சீக்கிரம் ஆறி, அவள் தோடு போட்டுச் சிரிப்பதைப் பார்க்க அம்மன் எனக்கு ஆயுசைக் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கொய்யாப்பழம் கொடுத்துவிடவும்.

தங்கள் அன்புத் தங்கை,
மா. பாவாத்தாள்.

பி.கு: அண்ணா, ஞாயித்துக்கெழமை வராதீங்க. கடுதாசியை ஒட்டப் போறப்ப உங்க மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தாரு. மழை புடிச்சுக்கிச்சு, இடி இடிச்சுது, ஜிமிக்கி கூண்டுக்குள்ள அலறிட்டு அலைமோதுச்சு. அடிபட்டுக்குமேன்னு கதவைத் தொறந்தேன். நேரா வந்து என்ற கையில ஏறிக்கிச்சு. மணிக்கட்டுக்கிட்ட நின்னு பாத்துச்சு, பிடிக்கலை. மொழங்கைக்கிட்டப் போச்சு, அதுவும் ஆகலை. நடுவால ஒரு எடம் பாத்து, வெரலைச் சுத்திப் புடிச்சு, ஒரு காலை வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டுக் கண்ணை மூடிருச்சுங்க. அந்தப் பாதம் இத்தனை சூடா இருக்குமுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அவரு நனைஞ்சுட்டு வந்து, வா அம்மணின்னு கையை நீட்டுனாரு. அது கண்ணைத் தொறந்து, அவரு வெரலை ஒரு கடி கடிச்சுட்டு, மறுபடியும் மூடிக்கிச்சு. அதுல இருந்து அவரு சோறு திங்கலை, சொவத்தைப் பாத்து உக்காந்திருக்கறாரு. கட்டை அறுத்தது நானு, கெளை வெட்டுனது நானு, உக்காரக் கை மட்டும் உன்ற கையான்னு கேக்கறாரு. இப்பப் பையில துணியை எடுத்து வெச்சுட்டாரு, நாளைக் காலைல மொதப் பஸ்ஸுக்கு கோபிக்கு வாராருங்க, இந்தக் கடுதாசியையும் ஒட்டி அவரு பையிலயே வெச்சு அனுப்பறேன். கோவத்தை விட்டுப்போட்டு அவரைக் கொஞ்ச நாளைக்கு அங்கயே வெச்சிருங்க. எங்களைப் பத்தி வெசனப்பட வேண்டாம், இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கறோம்.