குவாகாத்தியில் நின்ற வண்டி

இருபத்தைந்தே நிமிடத்தில் அர்த்தநாரி ஜெயித்துவிட்டார். முகத்தைப் பார்த்தால் லாரியைக் கவிழ்த்தவர் மாதிரி இருந்தது.

"அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா மொதலாளி?" என்றார் பழைய டிரைவர் பச்சமுத்து. அவர் தட்டிலிருந்த வடை இன்னும் ஆறவில்லை.

அர்த்தநாரியின் மனைவி அமுதவல்லி இருந்தவரை இந்த ஆட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைக்கு முன்னால் முடிந்ததில்லை. பிளைவுட் பலகையில் ரோடு வரைந்து, ஊர் எழுதி, ரூல் போட்டதெல்லாம் அவள்தான். நாமக்கல்லில் கிளம்பும் லாரி எந்த ஊருக்குப் போவது என்பது அவரவர் இஷ்டம். சென்னை போய் வந்தால் இரண்டு புள்ளி, நாக்பூருக்கு ஐந்து, குவாகாத்திக்குப் பத்து. ஆனால் போன ஊரின் பேர் போட்ட லோடு சீட்டு வரும்வரை வண்டி அங்கேயே நிற்க வேண்டும். காலி வண்டி ஊர் திரும்பக்கூடாது. முதலில் இருபது எடுத்தவர் ஜெயித்தவர்.

அர்த்தநாரி எப்போதும் குவாகாத்திதான். போவார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவர் பல்லைக் கடிக்கும்போது அமுதவல்லி சீட்டைக் குலுக்கிக்கொண்டே சிரிப்பாள். "ஏனுங்க, அங்க போகச் சொல்லி நானா சொன்னேன்? உங்க இஷ்டந்தானுங்களே!"

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. லாரி புக்கிங் ஆபீசை மச்சினனிடம் விட்டாயிற்று. ஞாயிறு மதியம் வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான். பழையபடி ஐந்தரை மணிவரை கூடத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் பலகையைத் தூசி தட்டினார். அதே ஆட்கள், அதே சீட்டு, அதே ரூல். மூன்று மணிக்கெல்லாம் கூடம் காலி.

"மாமா, ஆடறவங்களுக்குச் சுதந்திரம் வேணும்," என்றான் எதிர் வீட்டு நந்தகுமார். காலேஜில் பாடம் நடத்துகிறவன். "இப்படிக் கட்டிப் போட்டா யாரு ஆடுவா?"

அடுத்த வாரம் லோடு ரூலை எடுத்துவிட்டார். நாலு லாரியும் வரிசையாகக் குவாகாத்திக்குப் போயின, வரிசையாகத் திரும்பி வந்தன. பத்து நிமிடம்.

"சந்தைக்குப் போயிட்டு வந்தாப்புல இருக்குதுங்ணா," என்றாள் பக்கத்து வீட்டு ராமாயி.

"கட்டுப்பாடு பத்தலீங்க," என்று பச்சமுத்து முப்பது வருஷ அனுபவத்தை இறக்கினார். பெர்மிட், பஞ்சர், செக்போஸ்ட், டிரைவர் தூக்கம் என்று ரூல் இரண்டு முழுத் தாளுக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு வண்டிகூடச் சேலத்தைத் தாண்டவில்லை.

"இது வெளையாட்டா, ஆர்டிஓ ஆபீசா?" என்றான் நந்தகுமார்.

"நெசத்துல இதவிட மோசமுங்க தம்பி," என்றார் பச்சமுத்து பெருமையாக.

ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு வருவதாகப் போன நந்தகுமார் திரும்பி வரவில்லை.

அர்த்தநாரி அசரவில்லை. அவரவருக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள் என்றார். நந்தகுமார் ஐந்து லாரி கேட்டான், கொடுத்தார். பச்சமுத்து நேபாளம் கேட்டார், பலகை ஓரத்தில் ஒட்டு போட்டு வரைந்து கொடுத்தார். "இங்க பக்கத்துல பரமத்தி வேலூர்ல எங்கக்கா ஊடு இருக்குதுங்ணா. அங்க ஒரு ஸ்டாப்பு போடுங்க, பத்துப் புள்ளி," என்றாள் ராமாயி. அதுவும் ஆயிற்று.

ராமாயி தன் அக்கா வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்து ஜெயித்துவிட்டாள். ஐந்து லாரியில் எதை நகர்த்துவது என்று நந்தகுமார் யோசித்தபடியே ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தான். பச்சமுத்து நேபாளத்தைவிட்டு வர மாட்டேன் என்றார். "குளுகுளுன்னு இருக்குதுங்க. நீங்க ஆடுங்க."

கடைசியில் அர்த்தநாரி பழைய ரூலுக்கே வந்தார். இரண்டாவது சுற்றிலேயே அவர் கைக்குக் குவாகாத்தி சீட்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டே முக்காலுக்கு மறுபடியும் அவரே ஜெயித்தார்.

எல்லோரும் எழுந்தார்கள். "வாரேனுங்க மொதலாளி." "வர்றேன் மாமா."

அர்த்தநாரி பலகையை விட்டு எழவில்லை. "அவ போட்டது போட்டபடிதான் ஆடறோம். அவ இருந்தா சாயங்காலம் வரைக்கும் போகுமே! எதைக் கழட்டி எதை மாட்டுனா இது அவ ஆட்டம் ஆகும்? யாராச்சும் சொல்லுங்களேன்."

ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்த ராமாயி வாசற்படியிலேயே நின்றாள்.

"ரூலுல ஒண்ணுமில்லீங்ணா. குவாகாத்தி சீட்டு நாலையும் அமுதாக்கா மடிக்கடியில ஒளிச்சு வெச்சுக்குவாங்க. நீங்க ஜெயிச்சுட்டா எந்திரிச்சு ஆபீசுக்குப் போயிருவீங்களாம்."