குப்பைமேனி வேரும் ஊர்காவற்றுறைப் பூனைகளும்

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் இரசாயனம் படித்தால், உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றொரு வியாதி வரும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

சமாதான காலம். இறுதியாண்டு ஆய்வுக்குக் குப்பைமேனியை எடுத்திருந்தேன். வேரை உலர்த்தி, மெதனோலில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் என்னென்ன இரசாயனங்கள் இருக்கின்றன, அது பற்றீரியாவைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும். மாசி வெயிலில் செடியெல்லாம் கருகிக்கொண்டிருக்க, கிணற்றடி கிணற்றடியாகக் குந்தி ஒரு ஓலைக் கடகம் நிறைய வேர் பிடுங்கினேன். இது போனால் இனி மாரிமழைக்குத்தான் செடி முளைக்கும். அதற்குள் பரீட்சை முடிந்து, பட்டமும் கைவிட்டுப் போய்விடும்.

நிழலில் உலர்த்தச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் காற்றோட்டமான நிழல் ஒன்றுதான்: அப்பாவின் கருவாட்டுக் கொட்டில். பூனை வராமல் சுற்றிவரப் பழைய வலை கட்டியிருந்தார். வேரைக் கட்டாக் கருவாட்டுக்குப் பக்கத்தில் பரப்பினேன். இதைவிடப் பாதுகாப்பான இடம் தீவிலேயே இல்லை. (எவ்வளவு மூளை, பாருங்கள்.)

மத்தியானம் அம்மா போட்ட சத்தத்தில் ஓடிப்போனேன்.

"மாதாவே! பிள்ளை, இஞ்ச வந்து பார்!"

வலை கிழிந்து கிடந்தது. உள்ளே எங்கள் பூனை, பக்கத்து வீட்டுப் பூனை, கோயில் பூனை, முன்பின் தெரியாத பூனைகள். ஒன்றாவது கருவாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேரில் முகத்தைத் தேய்த்தன, கடித்தன, மல்லாந்து உருண்டன. ஊரையே அடித்து உலையில் போடும் கடுவன் பூனை ஒன்று வேரின் முன்னால் தலையைத் தரையில் வைத்துக் கிடந்தது. வாசலிலேயே நின்று பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஏதோவொரு பொருள், காலடியில் மிதிபடும் செடிக்குள்ளிருந்து, இத்தனை உயிர்களையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது.

பிறகுதான் பட்டம் ஞாபகம் வந்தது. மிஞ்சிய வேரைக் கடகத்தில் அள்ளி வீட்டுக்குள் ஓடினேன். பூனைகளும் ஓடி வந்தன. ஒன்று பாவாடையில் ஏறியது. கதவைச் சாத்தினால் யன்னலால் வந்தன.

"அப்பா, என்ர ஆராய்ச்சி போச்சு!"

"வள்ளத்தில ஏறு!"

அப்பா வள்ளத்தை இடுப்பளவு தண்ணீர் வரை தள்ளி நங்கூரம் போட்டார். (அலுமாரிக்குள் வைத்துப் பூட்டலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.) பொழுது சாயும்வரை கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலில் இருந்தேன். கரையில் பூனைகள் வரிசையாகக் குந்தி என்னையே பார்த்தன. செபத்துக்குப் போன சனமும் நின்று பார்த்தது.

"உவள் என்ன, கம்பசில பூனை பிடிக்கவோ படிக்கிறாள்?"

காப்பாற்றிய வேரில் சாறு எடுத்தேன். பற்றீரியா அதைச் சட்டை செய்யவே இல்லை. வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியர் கேட்டார்:

"அப்ப உம்மட சாற்றுக்கு ஒரு தொழிற்பாடும் இல்லையோ?"

"இருக்கு, சேர்," என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு. "பூனையில."

முழுக்கதையையும் சொன்னேன். அவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

"பழைய வைத்தியர்மார் இதுக்குப் பூனைவணங்கி எண்டு பேர் வைச்சிருக்கினம், பிள்ளை. நீர் அதைக் கண்ணால கண்டிருக்கிறீர். எழுதும்!"

எழுதினேன். பட்டமும் கிடைத்தது.

என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், பிள்ளை என்ன படித்தவர் என்று விசாரித்தார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எனக்கு வடிவா விளங்காது. ஆனா கருவாட்டை விடப் பெரிய சாமான் ஒண்டு உலகத்தில இருக்கெண்டு கண்டுபிடிச்சவள்!"

இன்றைக்கும் என் கறி வாயில் வைக்க ஏலாமல் போகிற நாட்களில், என் கணவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்வார்:

"பூனைக்கு வையும். அதுகள்தான் உம்மைக் கும்பிட்டுத் தின்னும்."