சிவப்பும் வெள்ளையும் என் வீட்டுக்காரரும்

கூச்ச சுபாவம் உள்ளவளைப் பேசு, பேசு என்று நச்சரிப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பேசினால் தாங்குவார்களா? மாட்டார்கள்.

எண்பத்திரண்டோ, மூன்றோ. திருச்சி மேலப்புதூரில் எங்கள் வீடு. என் நாத்தனார் பிலோமினாவைப் பெண் பார்க்க பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவள் அழுதே கரைந்துவிடுவாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சொந்தமாக ஒயின் ஆலை. மனிதர் பழக்கூடையா கொண்டு வந்தார்? சிவப்பில் ஒரு பாட்டில், வெள்ளையில் ஒரு பாட்டில்! மாமியார் இல்லாத வீட்டில் நான்தான் மூத்தவள்.

"கல்யாண விருந்துக்கு எதை வைக்கலாம்? ருசி பார்த்து நீதாம்மா சொல்லணும்" என்று சிவப்பை ஊற்றி என் கையில் திணித்தார்.

கிளாசில் வாய் வைத்துக் குடித்து எனக்குப் பழக்கமில்லை. தண்ணீர் குடிப்பதுபோல அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். (அண்ணாந்து குடிப்பவள் சப்பிப் பார்ப்பது எப்படி? மொத்தமும் மடக்கென்று உள்ளே போய்விட்டது.)

"எப்படிம்மா இருக்கு?"

தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை ஆண்கள் முன்னால் என்ன சொல்வேன்?

"நாக்குல நிக்கலை போலிருக்கு" என்று மறுபடி ஊற்றினார். அப்புறம் வெள்ளை. அதற்கும் குனிந்தேன். அதற்கும் மறுபடி ஊற்றினார். காது மடல் இரண்டும் தோசைக்கல்லாகச் சுட்டது. எதிரே மாப்பிள்ளை இரண்டாகத் தெரிந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் திருவாய் மலர்ந்தார். "விடுங்க சார், மூணாங்கிளாஸ் தாண்டாதவ. இவளுக்கு என்ன ருசி தெரியும்?"

(பத்து வருஷமாக என் குழம்பை வழித்து நக்கிய வாய் அது!)

குனிந்த தலையை நிமிர்த்தினேன். "எனக்கா தெரியாது? சிவப்பு அப்படியே இவரு கோபங்க. வாயில வச்சதும் சுருக்குங்குது, தொண்டையில கசக்குது, கடைசியில நமக்குத்தான் தலைவலி. வெள்ளை இவரு பாசம். பளபளன்னு இருக்கு, மணமாக்கூட இருக்கு. குடிச்சுப் பார்த்தா வெறும் தண்ணி!"

கதவுக்குப் பின்னாலிருந்து பிலோமினா "அண்ணீ!" என்று விசும்பினாள். பெரியவர் முகம் அவருடைய சிவப்பு பாட்டிலின் நிறத்துக்குப் போனது. "எங்க சரக்கை இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை" என்று எழுந்துவிட்டார்.

அவர் மனைவி எழவில்லை. அதுவரை வாயே திறக்காத அந்த அம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உக்காருங்க. இத்தனை வருஷமா நான் சொல்ல நினைச்சதை இந்தத் தங்கச்சி சொல்லிட்டா. பொண்ணு இந்த வீட்லதான் எடுக்கிறோம்."

கல்யாணம் நடந்தது. விருந்தில் இரண்டையும் வைத்தார்கள், நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவருக்குக் கோபமாம்! குனிந்த தலைக்கு ஊற்றிக்கொண்டே இருந்த மனிதரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பேசியவளைத்தானே கேட்டார்கள்!

இன்றைக்கும் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், ஊரிலிருந்து வந்திருக்கும் பிலோமினா அவர் காதுபடவே கேட்பாள்: "அண்ணீ, இன்னிக்கு சிவப்பா, வெள்ளையா?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குக் கூச்சமே வருவதில்லை.

"சிவப்புதான்டி. அதுவும் அடிமண்டி."