நாற்காலிக்குக் கிடைத்த வேடம்

இந்த நாடகத்தை எங்கள் தெருவை விட்டே விரட்டுவது என்று ஐம்பத்தொன்பதாம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு சபதம் செய்தேன். உரக்கத்தான் செய்தேன். கேட்க வீட்டில் யாரும் இல்லை. சபதத்துக்கே அதுதான் காரணம்.

நான் சாமித்துரை. கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் டைம் கீப்பர். எண்ணூறு பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். என் மனைவி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. மகளைக் குளத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நாடகத்துக்குப் போய்விட்டாள்.

மதுரையிலிருந்து வந்த குழு அது. தலைவர் மாயகிருஷ்ணன், ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக ஒரு மனிதர். கிரீடம், கத்தி எதுவும் கொண்டுவரவில்லை. தெருத் தெருவாகப் போய், "உங்க வீட்டுல என்ன குறை?" என்று கேட்பார். குறை சொன்னவர்களையே நடிக்க வைத்துவிடுவார். பக்கத்துத் தெருவில் தண்ணீர்ப் பஞ்சம் நாடகமாயிற்று. எங்கள் தெருவில் என்ன குறையைக் கண்டுபிடித்தாரோ, பொழுது சாய்ந்தால் என் மனைவி கல்யாணசுந்தரி காலிமனைக்கு ஒத்திகைக்கு ஓடினாள். நான் ஆறிப்போன குழம்போடு உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் அடித்தால்கூட யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுவார்கள். பெட்டிக் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏஜெண்டு அல்லாபிச்சையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, இந்த வாரம் எங்க வீட்டுக்கு ஆறு கட்டு போடுங்க."

"ஆறா? எப்பவும் ஒண்ணுதானே! தங்கச்சி ஒத்தையில ஒட்டுமா?"

"கேட்டதே அவதான்!"

ஆறு கட்டும் வந்து இறங்கின. சுந்தரி கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இத்தன கட்டு?"

"தீபாவளி வருதுல்லா."

"அதுக்கு மூணு மாசம் கெடக்கே!"

"முன்னேற்பாடு."

"சரிதான். இனி நான் வீட்டை விட்டு எங்கனயும் அசைய முடியாது."

என் மனம் குளிர்ந்தது. மறுநாள் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குப் போனேன். உள்ளே இருபது பெண்கள்! நடுவில் பசைச் சட்டி. என் கட்டிலில் மாயகிருஷ்ணன்.

"ஏட்டி, என்னது இது?"

"ஆறு கட்டை ஒத்த ஆளா ஒட்ட முடியுமா? எல்லாரும் ஒத்தாசைக்கு வந்திருக்காவ. கை பாட்டுக்கு ஒட்டும், வாய் பாட்டுக்கு ஒத்திகை பாக்கும். நீங்க நாற்காலில உக்காருங்க, வேட்டியில பசை பட்டுரும்."

கடலைமிட்டாய் இருபதாகப் பங்கு போயிற்று. எனக்குக் கிடைக்கவில்லை. பேப்பரை விரித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். சுந்தரி வெறும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேகம் கூடியிருக்கு, பாத்தீங்களா?"

பதில் இல்லை.

"மக கடுதாசி போட்டிருக்கா. படிக்கட்டுமா?"

பதில் இல்லை.

"குழம்புல உப்பு சரியா இருக்கா?"

அதற்கும் இல்லை. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. சுந்தரி இதே வார்த்தையைத்தான் கேட்டாள். நான் இதே பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் தனிமைக்கு நான் நாடகத்தையே விரட்டப் பார்த்தேன். அவளுடைய தனிமைக்கு இருபது வயது. வெட்கமாக இருந்தது.

"புருஷன் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கலை. ஆம்பிளைங்க யாரும் வர மாட்டேங்கிறாங்க" என்றார் மாயகிருஷ்ணன்.

"நான் நடிக்கேன்" என்றேன். "எனக்கு என்ன வசனம்?"

"வசனமே கிடையாது. பேப்பர் படிச்சாப் போதும்."

"ஒத்திகை?"

"அவியளுக்கு எதுக்கு ஒத்திகை?" என்றாள் சுந்தரி. "இருபது வருசமாப் பாத்துட்டுத்தானே இருக்காவ!"

சனிக்கிழமை சாயங்காலம் காலிமனையில் நாடகம். தெருவே திரண்டிருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சுந்தரி என் பக்கம் திரும்பினாள்.

"மேகம் கூடியிருக்கு, பாத்தீங்களா?"

எனக்குத் தாங்கவில்லை. பேப்பரைக் கீழே போட்டேன்.

"ஆமா சுந்தரி! நல்லாக் கறுத்திருக்கு. கடுதாசியையும் படி, கேக்கேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாயகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். சுந்தரி அடுத்த வசனத்தை மறந்துபோய், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியது போலிருந்தது. வாழ்க்கை திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "வீட்டுல வாயத் தொறக்காத மனுசன், தொறக்கக் கூடாத இடத்துல தொறந்துட்டீங்களே!"

மறு வாரம் நாடகம் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் போயிற்று. நானும் சவரம் செய்து, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துத் தயாராக நின்றேன். சுந்தரி நாற்காலியைத் தூக்கிப் பஸ்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வரவேண்டாம். நாற்காலி போதும். மேல பேப்பரை விரிச்சுப் போட்டுக்கிடுதோம். அது இடையில பேசாது."

"அப்ப நான்?"

"ஆறு கட்டு கேட்டது நீங்கதான்னு அல்லாபிச்சை அண்ணாச்சி அன்னைக்கே சொல்லிட்டாவ. ரெண்டு கட்டு மிச்சம் கெடக்கு. ஒட்டி வையுங்க."

பேப்பரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தரையில் உட்கார்ந்து ஒட்டினேன். வாசல் இருண்டது. எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே மேகம் கூடியிருந்தது.

"சுந்தரி, பாத்தியா?" என்றேன்.

பதில் இல்லை.