எங்கள் வீட்டில் மட்டும் செப்டம்பர்

பென்சில்வேனியா,
ஜூன் 7, சனிக்கிழமை மத்தியானம்.

பெருமதிப்பிற்குரிய அக்கா ரோசலிண்டுக்கு, தம்பி மெர்வின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கொரீனும் பிள்ளைகள் இருவரும் பதினாறு கோழிகளும் சௌக்கியம். ஒஹையோவில் நீயும் அத்தானும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவோம். நீ அனுப்பிய பீச் ஜாம் இரண்டு பாட்டிலும் வந்து சேர்ந்தன. ஒன்று உடையாமல் வந்தது.

மரியாதையெல்லாம் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, நீ சொன்னதுதான் சரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வருஷமும் இன்று காலையிலிருந்து ஒரு பானை காபியும் தேவைப்பட்டிருக்கிறது. போன தேங்க்ஸ்கிவிங் அன்று வான்கோழியை அறுத்துக்கொண்டே, "முப்பது வருஷமா மூணாம் வகுப்பு எடுக்கறேன் மெர்வின், எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடும்? பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு" என்று நீ சொன்னாய். "உன் வகுப்புல இருபத்தாறு பேர், என் வகுப்புல ரெண்டே பேர்" என்று நான் எகத்தாளமாகச் சொன்னேன். வீட்டிலேயே நான் பாடம் நடத்துகிற அந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு எட்டு வயது முடிந்தும் படிக்க வரவில்லை. டாம்சினை வரும் செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடப் போகிறேன். இந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். திட்டும்போது உனக்கு வசதியாக இருக்கும்.

முதல் தப்பு அட்டவணை. பஸ் கம்பெனியில் இருபது வருஷம் நேர அட்டவணை போட்டவன் நான், நூற்றி நாற்பது பஸ்களை ஓட வைத்தவனுக்கு இரண்டு பிள்ளைகள் ஒரு பொருட்டா என்று நினைத்து, போன ஆகஸ்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதத்தை விரித்து, சட்டம் கேட்கிற நூற்றி எண்பது நாளுக்கும் பாடம் போட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் தேதி, ஒவ்வொரு தேதிக்கும் மணி, ஆன்சலுக்குப் பச்சை, டாம்சினுக்கு ஆரஞ்சு. பிறகு அழியக் கூடாது என்று லேமினேஷனும் செய்தேன். கொரீன் ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, பிள்ளைங்க இறங்குற ஸ்டாப் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. பாடத்துக்கு எண் போட வேண்டும், தேதி போடக் கூடாது. வீட்டில் பள்ளி நடத்துகிற ஒவ்வொருவருக்கும் முதல் வருஷமே புரிந்துபோகிற விஷயம் இது. எனக்கு மட்டும் மூன்றாவது வருஷமும் புரியவில்லை. இரண்டாவது வாரமே நாலு பேருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது, அதில் ஐந்து நாள் போனது. கோழிகள் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டதில் ஒரு நாள், அவற்றைப் பிடித்துவந்ததில் ஒரு நாள், பிரின்டர் மை தீர்ந்ததில் இரண்டு நாள், இப்படியே ஒரு மாதம் பின்தங்கினோம். லேமினேஷன் செய்ததை அழிக்க முடியாது, தேதியைத் தாண்டிக் குதிக்க எனக்கு மனசு வராது, ஆகவே சுவரில் இருந்த தேதிதான் எங்கள் வீட்டுத் தேதி என்று ஆகிவிட்டது. அக்டோபர் கடைசி நாள், ஹாலோவீன் அன்று ஊரெல்லாம் பிள்ளைகள் வேஷம் போட்டுக் கிளம்ப, எங்கள் சுவரில் செப்டம்பர் இருபத்தேழு. "அப்பா, மிட்டாய் வாங்கப் போகலாமா, இல்லே நம்ம வீட்ல அக்டோபர் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று ஆன்சல் கேட்டான். பன்னிரண்டு வயசில் இவ்வளவு வாய் ஆகாது. உன் பக்கத்து ரத்தம்.

இரண்டாவது தப்பு, பாடப்பெட்டி. வீட்டுப்பள்ளிக்காரர்களுக்கென்று வருஷாவருஷம் ஒரு புத்தகச் சந்தை நடக்கிறது. பால் வாங்கப் போகிறவன் மாட்டோடு திரும்புகிற இடம் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தருகிற பெட்டி ஒன்று வாங்கப் போய் மூன்று வாங்கி வந்தேன், ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று என்று. மூன்றையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தேன். ஒன்று எழுத்தைத் தட்டிப் படி என்றது, ஒன்று பாடிப் படி என்றது, ஒன்று மணலில் எழுதிப் படி என்றது. ஆகவே தினமும் ஒன்பது மணிக்கு என் மகள் தட்டினாள், பாடினாள், மணலில் எழுதினாள், ஒன்பதே காலுக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அங்கே கோழிக்குஞ்சு விற்கிற கம்பெனியின் விலைப்பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். "படம் பார்க்கற நேரமா இது?" என்று நான் அதைப் பிடுங்கி அலமாரி மேலே வைப்பேன். காதால் கேட்டால் எதையும் மறக்க மாட்டாள் அக்கா. ஆன்சல் வாசித்துக் காட்டிய கதையை ஒரு மாதம் கழித்து அப்படியே சொல்வாள். ஒன்பது மணிக்கு எழுத்தைக் காட்டினால் மட்டும் கண்ணில் தண்ணீர் வரும்.

வியாழக்கிழமைதோறும் ஆறு குடும்பங்கள் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் கூடிப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடம் எடுப்போம். அங்கே ஆறு வயசுப் பொடியன் ஒருவன் அறிவிப்புப் பலகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போவான். அவன் அம்மா என்னிடம், "கவலைப்படாதீங்க மெர்வின், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நேரம் இருக்கு. இவனுக்கு மூணரை வயசுல வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்வாள். ஆறுதல் சொல்கிறவர்கள் வாயை அடைக்கச் சட்டத்தில் வழியில்லை. வீட்டுக்கு வந்து ஒன்பது மணிப் பாடத்தை எட்டரைக்கே ஆரம்பித்தேன்.

இனி மூன்றாவது தப்பு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வருஷக் கடைசியில் பிள்ளைகளையும் அவர்கள் செய்த வேலைகள் அடங்கிய கோப்பையும் மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும், அவர் கையெழுத்துப் போட்ட தாளை ஜூன் முடிவதற்குள் பள்ளி மாவட்டத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எங்கள் மதிப்பீட்டாளர் மிசஸ் ப்ரூபேக்கர், ஓய்வுபெற்ற டீச்சர், பேச்சு மெதுவாக இருக்கும், பார்வை அப்படி இருக்காது. நான் என்ன செய்தேன் என்றால், தவளையும் வாளியும் வருகிற ஒரு சின்னப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தை டாம்சினுக்கு மூன்று நாள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தேன். நேற்று அவர் வீட்டில் டாம்சின் நிமிர்ந்து உட்கார்ந்து, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அவள் பார்வை ஜன்னலில் இருந்த பூனை மேல் இருந்தது, புத்தகம் ஆறாம் பக்கத்தில் திறந்திருந்தது. மிசஸ் ப்ரூபேக்கர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு. அடுத்த பக்கமும் படிக்கறியா?" என்றார். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த பக்கம் அப்பா இன்னும் சொல்லித் தரலையே" என்றாள்.

அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். கோப்பை மூடி, பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, "கணக்கு நல்லா வந்திருக்கு, கோழி வளர்ப்புல அவளுக்குத் தெரியாதது இல்லை. கையெழுத்து இன்னிக்குப் போடலை மெர்வின். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, ஆனா மனப்பாடம் வேண்டாம், இருக்கறபடி வாங்க" என்றார். காரில் வரும்போது டாம்சின், "நான் ஒரு வார்த்தைகூட விடலையேப்பா. எங்கே தப்பாச்சு?" என்று கேட்டாள். நான் தப்பு செய்துவிட்டு அவளைத் தப்பு தேட வைத்திருக்கிறேன். நீ நடத்திய வகுப்பில் எந்தப் பிள்ளைக்காவது இப்படிச் செய்திருப்பாயா? எனக்கு இனி தைரியம் இல்லை. கொரீன், "இன்னும் ரெண்டு வாரம் இருக்கே, ஏன் அவசரப்படறீங்க?" என்கிறாள். அவள் நல்லவள், அவளுக்குப் பொறுமை அதிகம். என்னால் முடியவில்லை.

ஆகவே அக்கா, ஜூலையில் நீ வந்து ஒரு வாரம் தங்கி டாம்சினைச் சோதித்துப் பார். எந்த வகுப்பில் சேர்க்கலாம், அங்கே டீச்சரிடம் என்ன சொல்லலாம், என்ன பை வாங்க வேண்டும் எல்லாம் நீயே முடிவு செய். நான் வாயைத் திறக்க மாட்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்பதை ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் சொல்லாமல் இருந்தால் போதும். அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். பின்பக்கம் வழுவழுப்பாக இருப்பதால் கோழிக்கூண்டுக்குக் கூரையாகும் என்று ஆன்சல் சொல்கிறான்.

அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்கால் சீக்கிரம் தேற வேண்டும். எங்கள் எல்லோருக்கும் உன் ஆசி எப்போதும் வேண்டும், இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

உன் தோற்றுப்போன தம்பி,
மெர்வின்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மேஜையிலேயே விட்டுவிட்டுத் தபால்தலை தேட மாடிக்குப் போனேன். ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் டாம்சின் நாற்காலியில் முட்டிபோட்டுக் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "பூனையைப் பார்த்துட்டிருந்தேன்னு அத்தைக்கு எழுதாதேப்பா. வெட்கமா இருக்கு" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். "இங்கே இருக்கே" என்று விரலை வைத்தாள், அக்கா, சரியாக அந்த வரியில். பிறகு நான் கேட்காமலே விரலை நகர்த்தி நகர்த்தி, மிசஸ் ப்ரூபேக்கர் பெயரில் மட்டும் முட்டி நின்று, அந்தப் பத்தியைக் கடைசி வரை வாசித்தாள். எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், "தெரியலை. ஒம்பது மணிக்கு நீ கேட்டா வராது. இதுல என்னைப் பத்தி இருந்துச்சு, அதான் படிச்சேன்" என்கிறாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகவே பள்ளிக்கூடம், டீச்சர், பை எதற்கும் இப்போது ஒன்றும் செய்யாதே. ஜூலையில் சும்மா வா. பூனை விஷயத்தை நீ படிக்கவே இல்லை, உனக்குத் தெரியவே தெரியாது என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். என்ன எழுதுகிறேன் என்று பார்க்க மறுபடி வந்து தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்தக் கடைசி வரிகளை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். எட்டு வருஷத்தில் அவளிடமிருந்து எழுத்தை மறைக்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.