ஆமோதிக்க ஆள் இல்லாத நைனா

ஆட்சேபணை நைனா ஆட்சேபிக்காத விஷயம் திருத்தணி மலைக்குக் கீழே ஒன்றுகூடக் கிடையாது. மலைக்கு மேலே இருக்கும் முருகனை மட்டும் விட்டுவைத்திருந்தார். அதுவும் முழுக்க இல்லை. ஒரு ஆடிக் கிருத்திகையன்று கூட்டம் அவரைக் கடையோடு சேர்த்து நெருக்கியபோது மேலே நிமிர்ந்து பார்த்து, "இத்தினி பேரையும் ஒரே நாள்ல வரச் சொன்னா எப்படி சாமி?" என்று கேட்டாராம்.

மலையடிவாரத்தில் காவடிச் சாமான் கடை வைத்திருந்தார். தாத்தா காலத்துக் கடை. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். தெலுங்கு வீடுகளில் அப்பாவை நைனா என்பார்கள். இவரைத் தமிழ் வீட்டுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

தன் கல்யாணத்தையே ஆட்சேபித்தவர் அவர். மணவறையில் உட்கார்ந்துகொண்டு, புரோகிதருடைய கடிகாரம் பத்து நிமிஷம் முந்துகிறது, முகூர்த்தம் தப்பு என்று வாதம் செய்தார். பெண்ணின் தகப்பனார் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இஷ்டமில்லேன்னா மாப்பிள்ளை எழுந்து போகட்டும்" என்றார். "எழுந்து போறதை ஆட்சேபிக்கிறேன்" என்று சொல்லித் தாலியைக் கட்டினார். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி. அந்த அம்மாள் இப்போது இல்லை.

ஒரு நாள் ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அதை ஆட்சேபித்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் மனுக் கொடுத்தார். "எப்பவும் லேட்டா வர்ற வண்டியை நம்பித்தானே ஜனங்க சாப்டுகினு இருக்காங்க? சொல்லாம கொள்ளாம டயத்துக்கு வந்தா இன்னா அர்த்தம்?" ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். வண்டியைத் தவறவிட்டவர்கள் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கட்சியின் ஊர்க் கமிட்டி கூடும். என் வீட்டுக்காரர் காரியதரிசி. தலைவர் ஒரு வக்கீல். பொருளாளர் எண்ணெய்க்கடைக்காரர். நைனா சாதாரண அங்கத்தினர். பெண் அங்கத்தினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என் பெயரை எழுதிவிட்டார்கள். என் இடம் சமையலறைக் கதவுக்குப் பின்னால். அங்கிருந்து காபி போகும். கூட்டம் முடிந்ததும் நோட்டுப் புத்தகம் வரும். தீர்மானங்களை நான் அழகாக எழுதித் தருவேன்.

கமிட்டியில் ஒரு விதி உண்டு. ஒருவர் ஆட்சேபித்தால் மட்டும் போதாது. இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். அப்போதுதான் ஆட்சேபணை நோட்டில் ஏறும். ஏறினால் ஜில்லாக் கமிட்டி விசாரிக்காமல் தீர்மானம் செல்லாது. நைனா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஆட்சேபிப்பார். தலைவர், "ஆமோதிக்கிறவங்க உண்டா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். சுவர் பேசாது. "அடுத்த விஷயம்" என்பார். இதற்கு ஆகிற நேரத்தில் நான் நாலு டம்ளர் கழுவிவிடுவேன்.

ஒரு மிராசுதார் காலமானபோது அனுதாபத் தீர்மானத்தைக்கூட விடவில்லை. "வாரி வழங்கிய வள்ளல்னு எழுதி இருக்கீங்க. இருபது வருஷம் பழக்கம். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கேட்டா டப்பியை மூடிக்குவாரு. எனக்குத் தெரியாதா?" கூட்டம் கலைந்தபின் கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் நின்று, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த மிராசுதாருக்காக அழுதுகொண்டிருந்தார்.

என் பெண்ணுக்குத் தொட்டில் போட்ட அன்றும் வந்து ஆட்சேபித்தார். "தல்லி, அந்த உத்தரத்துல கட்டாதே. உள்ளே செல்லு அரிச்சுகினு இருக்குது." தல்லி என்றால் தெலுங்கில் அம்மா. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் சொல்கிறாரே என்று என் மாமியாருக்குக் கோபம். எனக்கோ பயம். பயத்தில் தொட்டிலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் அந்த உத்தரத்திலிருந்து ஒரு துண்டு வெறும் தரையில் விழுந்தது. நூறு சொன்னால் ஒன்று பலிக்காதா என்றார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மில்லுக்காரர் வந்தார். யுத்தம் முடிந்து சர்க்கரைக்கு இன்னும் அலைந்துகொண்டிருந்த நாட்கள். பட்டணத்திலிருந்து வந்து திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு நெல் மில்லை வாங்கியிருந்தார். பஞ்சாயத்து போர்டுத் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டார். ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் யார் ஊர்க்காரர், யார் வெளியூர்க்காரர் என்று அவர் எங்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். சந்தைத் திடலில் பெஞ்சு மேல் ஏறி, "வீட்ல தெலுங்கு பேசறவனுக்கு உங்க மலையடிவாரத்துல கடை எதுக்கு?" என்று கேட்டார். முதல் நாள் ஜனங்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் கை தட்டினார்கள். அந்த வாரமே எங்கள் தெருக் குழாயில் குடங்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்தன.

கமிட்டி கூடியது. எங்கள் தலைவர்களுக்கு மில்லுக்காரரைக் கண்டால் ஆகாது. அதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

"சுத்தக் கழிசடை" என்றார் பொருளாளர்.

"அவன் பேச்சைக் கேட்டா காது கூசுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாம் வாஸ்தவம். ஆனா நாம சீட்டுக் குடுக்கலேன்னா தனியா நின்னு நம்மளையே தோக்கடிப்பான்" என்றார் தலைவர். "உள்ளே இழுத்துப் போட்டுக்குவோம். நாலு பெரிய மனுசங்க நடுவுல உக்காந்தா தானா அடங்கிடுவான்."

"ஆங், அதான் சரி" என்றார் பொருளாளர். இத்தனை பேர் வெறுத்த ஒருவருக்குக் காபி ஆறுவதற்குள் சீட்டுக் கிடைத்துவிட்டது.

நைனா எழுந்தார். நான் டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"ஆட்சேபிக்கிறேன்" என்றார். "அவன் அடங்கமாட்டான். நீங்கதான் அடங்குவீங்க. மொதல்ல என் கடை போவும். அப்புறம் என்னைப்போல இருக்கிறவன் ஒவ்வொருத்தனா போவான். இத்தினி வருஷம் நான் வெளையாட்டுக்கு ஆட்சேபிச்சேன்னே வெச்சுக்கோங்க. இது வெளையாட்டு இல்லீங்க."

"ஆமோதிக்கிறவங்க உண்டா?" என்று தலைவர் சுவரைக் கேட்டார்.

நைனா சுவரைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினார். "தல்லி, நீயும் அங்கத்தினர்தானே? ஆமோதிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஜில்லாவுல விசாரணை வெப்பாங்க."

கதவிடுக்கு வழியாக என் வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. அவர் என்னை முறைக்கவில்லை. முறைத்திருந்தால்கூடத் தேவலை. கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். கூடம் நிறைய ஆண்கள் இருக்க நான் வாய் திறப்பது முறையா, மாமியார் என்ன சொல்வார், நைனா இந்தத் தடவையும் வீண் பயம் பயப்படுகிறாரோ என்றெல்லாம் யோசித்தேன்.

"குழந்தை அழுவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று நோட்டில், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். கையெழுத்து எப்போதும்போல் அழகாக வந்தது.

மில்லுக்காரர் ஜெயித்தார். அடிவாரக் கடைகளை இனி ஊர்க்காரர்களுக்குத்தான் விட வேண்டும் என்பது போர்டில் அவர் போட்ட முதல் தீர்மானம். மூன்று தலைமுறையாக அங்கே இருந்த நைனா வெளியூர்க்காரர் ஆனார். எட்டு மாதத்து மில்லுக்காரர் ஊர்க்காரர் ஆனார். எங்கள் தலைவர்கள் பயங்கரமாகக் கொதித்தார்கள். எங்கள் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கொதித்தார்கள். பொருளாளர் இரண்டு டம்ளர் காபி அதிகமாகவே குடித்தார். தீர்மானம் ஒன்றும் போடவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து கமிட்டி மில்லில் கூடியது. வக்கீல் இப்போது தலைவர் இல்லை. மில்லுக்காரர் சாப்பிட்டு எழுந்து வரும்வரை மூன்று பேரும் நெல் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வேட்டியெல்லாம் உமியோடு திரும்புவார். நான் உதறிக் காயப்போடுவேன்.

நைனா காலிசெய்துகொண்டு பொதட்டூர்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனார். போகிற நாளில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மோர் வாங்கிக் குடித்தார். குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று பார்த்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். "வரேன் தல்லி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆமோதிக்கிறேன் என்று அன்று நான் சொல்லியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? ஜில்லாவிலும் இதே மாதிரி நாலு பேர்தானே உட்கார்ந்திருப்பார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். அரிசி களைகிறபோதெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். விடை தெரியவில்லை.

வருகிற தை மாதம் குழந்தைக்கு மலையில் மொட்டையடித்துக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை என் மாமியார் சொல்கிறார். நைனாவை மலைக்கு அழைத்தால் மில்லுக்காரர் காதுக்குப் போகும் என்கிறார் என் வீட்டுக்காரர். நைனா என்று கூப்பிடுகிறவரைத் தாய்மாமன் இடத்தில் வைப்பது முறைதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனாலும் நேற்றுப் பொதட்டூர்பேட்டைக்குக் கார்டு போட்டுவிட்டேன். என் பெண்ணை வேறு ஒருவர் மடியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.